அந்தப் பெரியவரை வாஷிங்டன் பயணத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: அமெரிக்காவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வியட்நாம் போர்க்காலத்தில் ராணுவத்தில் இருந்தவர். இப்போது 79 வயது. முதிய போர்வீரர்களை வாஷிங்டன் நினைவிடங்களுக்கு விமானத்தில் கூட்டிப்போய் ஒரே நாளில் திரும்பக் கொண்டுவந்து விடும் 'ஆனர் ஃப்ளைட்' பயணத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார் அவர் மகள். அவரோ, "எனக்கெதற்கு அதெல்லாம், நான் சண்டைக்கே போகவில்லையே" என்கிறார். இந்த வயதில் இப்படி அலைக்கழிக்கலாமா? செலவு யாருடையது? பக்கத்து வீட்டுக்காரர்களாக நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: அனுப்புங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது வயதோ செலவோ இல்லை, அவர் சொன்ன அந்த "எனக்கெதற்கு". நான் முதியோர் மறுவாழ்வுப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். இந்தப் பயணத்தில் மூன்று முறை துணைக்குப் போயிருக்கிறேன். நான் நாற்காலி தள்ளிய மூன்று பெரியவர்களும் முதலில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் போலவே மறுத்தவர்கள்தான்.

பயணம் எப்படித் தொடங்கியது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சீருடை அணிந்தவர்கள் சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர். வாஷிங்டனில் வியட்நாம் போருக்கு 1982இல் நினைவுச் சுவர் எழும்பியது. கொரியப் போருக்கு 1995இல் நினைவிடம் வந்தது. இரண்டுக்கும் முந்தைய போருக்கோ 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "எங்கள் போருக்கு நினைவிடம் எங்கே?" என்று 1987இல் ஒஹாயோவில் ஒரு மீன் விருந்தில், தன் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர் மார்சி காப்டரிடம் கேட்டவர் ரோஜர் டர்பின். போருக்குப் போய்விட்டு வந்து கிராமத்துத் தபால்காரராக இருந்தவர். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு காப்டர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாக 1993 ஆகிவிட்டது. அதன் பிறகு நிதி திரட்டல், இடம் எது என்ற சண்டை, வடிவமைப்பு பற்றிய வாதம் என்று வருடங்கள் போயின. டர்பின் 2000ஆம் ஆண்டு இறந்துபோனார். தான் கேட்ட நினைவிடத்துக்குக் கடைக்கால் போடுவதைக்கூட அவர் பார்க்கவில்லை.

2004 மே மாதம் திறப்பு விழா நடந்தபோது அந்தப் போரிலிருந்து மிஞ்சியவர்கள் எல்லோரும் எண்பதை ஒட்டியோ தாண்டியோ இருந்தார்கள். ஏர்ல் மோர்ஸ் என்பவர் விமானப்படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒஹாயோவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் மருத்துவருக்கு உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வருகிற பெரியவர்களிடமெல்லாம், "உங்கள் நினைவிடம் திறந்துவிட்டார்களே, போகப் போகிறீர்களா?" என்று கேட்பார். போகவேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மாதங்கள் கழித்து மறுபடி வரும்போது பார்த்தால் யாருமே போயிருக்க மாட்டார்கள். ஒருவருக்குக் கையில் பணமில்லை, இன்னொருவருக்கு உடம்பு ஒத்துழைக்காது, மற்றொருவருக்குக் கூட்டிப்போக ஆளில்லை. மோர்ஸிடம் விமானி உரிமம் இருந்தது. "நான் ஓட்டிக்கொண்டு போகிறேன், வருகிறீர்களா?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டார். அவர் அழுதுவிட்டார். பிறகு ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில் பொழுதுபோக்காக விமானம் ஓட்டுகிறவர்களின் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று இரண்டு நிபந்தனைகளோடு உதவி கேட்டார். பெரியவர்களிடம் ஒரு காசு வாங்கக் கூடாது. ஓட்டுகிற விமானியே நாள் முழுக்க அவர்கள் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். 11 பேர் முன்வந்தார்கள். 2005 மே 21 அன்று ஆறு சிறு விமானங்களில் 12 பெரியவர்கள் வாஷிங்டனுக்கு அருகே மனாசஸ் என்ற இடத்தில் போய் இறங்கினார்கள்.

அந்த இரண்டு நிபந்தனைகளும் இன்றுவரை மாறவில்லை. விமானிக்குப் பதில் இப்போது தன்னார்வலர் ஒருவர் கூட இருக்கிறார், அவ்வளவுதான். மறு வருடமே வட கரோலினாவில் சலவைக்கடைத் தொழில் செய்துவந்த ஜெஃப் மில்லர், இரண்டு பேர் மூன்று பேர் என்று போனால் காலம் போதாது என்று சொல்லி முழு ஜெட் விமானங்களையே வாடகைக்குப் பிடித்துத் தன் பகுதிப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு போனார். 2007இல் இரண்டு முயற்சிகளும் ஒன்றாகி நாடு தழுவிய வலையமைப்பாயின. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்க் கிளைகள் இருக்கின்றன. இதுவரை போய்வந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். மில்லர் அவசரப்பட்டது எவ்வளவு சரி என்று பாருங்கள்: அந்த 1 கோடியே 60 லட்சம் பேரில் 2024இல் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 66,000 பேர்தான்.

இனி உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு வருகிறேன்.

"நான் சண்டைக்கே போகவில்லை" என்ற பேச்சை அந்தத் தலைமுறையில் திரும்பத் திரும்பக் கேட்கலாம். நான் முதலில் கூட்டிப்போனவர் வியட்நாம் போர்க்காலத்தில் ஜெர்மனியில் லாரி பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். "என் இடத்தை உண்மையாகப் போரிட்டவன் எவனுக்காவது கொடு" என்று நான் அவரைச் சந்தித்த முதல் நாளே சொன்னார். அதைத் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலைதான் புரிந்தது. அவரோடு பயிற்சி முகாமில் இருந்த இருவர் வியட்நாமுக்குப் போனார்கள். இவரை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். யாரை எங்கே அனுப்புவது என்று தாளில் எழுதியவர் யாரோ, அவர் கையில் இருந்தது எல்லாம். ஐம்பது வருடமாக அதைத் தன் குற்றம்போல் சுமந்துகொண்டிருந்தார்.

அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான். இந்தப் பயணத்துக்குப் போர்முனையில் நின்றிருக்க வேண்டும் என்று விதி இல்லை. அந்தக் காலத்தில் சீருடையில் இருந்தவர் என்றால் போதும், எந்த நாட்டில் எந்த வேலையில் இருந்தார் என்பது கணக்கில் வராது. அவர் இடத்தை இன்னொருவரிடமிருந்து பறித்துக்கொண்டு வருவதும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காரர்கள், கொரியப் போர்க்காரர்கள், எந்தப் போரைச் சேர்ந்தவரானாலும் நோய் முற்றியவர்கள், இவர்களுக்குத்தான் முதல் இடம். அவர்களை ஏற்றிய பிறகுதான் வியட்நாம் காலத்தவர்களுக்கு முறை வருகிறது. மகள் சொன்னால் கேட்காதவர், இதைக் கேட்டதும் படிவத்தில் கையெழுத்துப் போடலாம். என் அனுபவத்தில் இரண்டு பேர் அப்படித்தான் போட்டார்கள்.

அந்த நாளைப் பற்றி. விடிவதற்கு முன்னால், மூன்று நான்கு மணிக்கே விமான நிலையத்தில் கூடிவிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, கழுத்தில் பெயர் அட்டை. ஆளுக்கொரு துணை. வாஷிங்டனில் இறங்கி விமானத்தின் கதவைத் தாண்டியதும் கைதட்டல் கேட்கும். யாரோ பயணிகள், பள்ளிப் பிள்ளைகள், அன்றைக்கென்றே வந்து நிற்கிற தன்னார்வலர்கள். பேருந்துகள் வரிசையாக வந்து ஏற்றிக்கொள்ளும். பெரும்பாலும் முதலில் இரண்டாம் உலகப் போர் நினைவிடம், அப்புறம் லிங்கன் நினைவிடத்துக்கு இரு பக்கமும் இருக்கும் கொரிய, வியட்நாம் நினைவிடங்கள், அப்புறம் படைவீரர்களை அடக்கம் செய்யும் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டம். ராத்திரி ஒன்பது பத்து மணிக்குத் திரும்பி வந்துவிடுவார்கள்.

இரண்டாம் உலகப் போர் நினைவிடத்தில் வட்டமாக 56 கருங்கல் தூண்கள், மாநிலத்துக்கும் ஆட்சிப்பகுதிக்கும் ஒன்றாக. நடுவே நீரூற்றுக் குளம். பெரியவர்கள் முதலில் தேடுவது தங்கள் மாநிலத் தூணை. அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் மற்றதைப் பார்ப்பார்கள். மேற்குப் பக்கச் சுவரில் 4,048 தங்க நட்சத்திரங்கள் பதித்திருக்கிறார்கள். ஒரு நட்சத்திரம் இறந்துபோன நூறு பேருக்கு. போர்க்காலத்தில் மகன் படையில் இருந்தால் வீட்டு ஜன்னலில் நீல நட்சத்திரம் தொங்கும். அவன் செத்துப்போனால் தங்க நட்சத்திரம் வைப்பார்கள். தெருவில் நடந்து போகிறவர்களுக்கு எந்த வீட்டில் சாவு என்று ஜன்னலைப் பார்த்தாலே தெரியும். இது தெரிந்துகொண்டு அந்தச் சுவரின் முன் போய் நின்று பாருங்கள்.

அங்கே முன்பெல்லாம் சனிக்கிழமைகளில் பெரியவர்களை வரவேற்க ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பார். அவர் பாப் டோல். 1996இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டவர். 1945 ஏப்ரலில் இத்தாலியில் குண்டடிபட்டு, வலது கையை வாழ்நாள் முழுக்க இயல்பாகப் பயன்படுத்த முடியாமல் போனவர். இந்த நினைவிடத்துக்கு நிதி திரட்டும் வேலையை முன்னின்று நடத்தியவரும் அவரே. தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும் வந்து ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், எந்தப் படைப்பிரிவு என்று விசாரித்து, இடது கையை நீட்டி வரவேற்பார். 2021 டிசம்பரில் காலமானார். அரசியலில் அவரோடு உடன்படாதவர்கள்கூட இந்த ஒரு காரியத்துக்காக அவரை மதிக்கலாம் என்பது என் எண்ணம்.

கொரியப் போர் நினைவிடத்தில் துருப்பிடிக்காத எஃகில் செய்த 19 வீரர்கள் மழைக்கோட்டு போர்த்தி முக்கோண வடிவ நிலத்தில் நடந்துபோகிற மாதிரி நிற்கிறார்கள். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் பெரிய உருவங்கள். பக்கத்திலிருக்கும் பளபளப்பான கருங்கல் சுவரில் அவர்கள் பிம்பம் விழும்போது 19 பேர் 38 ஆகிறார்கள். கொரியாவை இரண்டாகப் பிரித்த கோடு 38ஆவது இணைகோடு. கால்களுக்கிடையே வளர்த்திருக்கும் புதர்கள் அங்கத்திய வயல் நிலத்தைக் குறிப்பவை. 2022இல் இறந்தவர்களின் பெயர்களைச் செதுக்கிய சுவர் ஒன்றும் சேர்ந்தது. அதில் 36,574 அமெரிக்கர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களோடு அமெரிக்கப் படைகளில் சேர்ந்து போரிட்டு இறந்த 7,174 கொரியர்களின் பெயர்களும் உண்டு. இங்கே தமிழர்கள் பார்க்கத் தவறிவிடும் ஓர் இடம் உண்டு. நடைபாதை ஓரத்துக் கல்லில் ஐ.நா. கொடியின் கீழ் அந்தப் போருக்கு ஆள் அனுப்பிய 22 நாடுகளின் பெயர்களை வரிசையாகச் செதுக்கியிருப்பார்கள். அதில் இந்தியாவும் இருக்கிறது. 1950 நவம்பரில் கொரியாவில் போய் இறங்கிய 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவுக்காக. அதற்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். மகாவீர் சக்கர விருது பெற்றவர். 1951 மார்ச்சில் அமெரிக்கப் பாராசூட் படையோடு அந்தப் பிரிவின் மருத்துவர்களும் உதவியாளர்களும் விமானத்திலிருந்து குதித்துக் காயம்பட்டவர்களுக்கு அங்கேயே சிகிச்சை செய்தார்கள். நான் இதைச் சொன்னபோது என்னோடு வந்த கொரியப் போர்க்காரர் நாற்காலியைத் திருப்பச் சொல்லி, அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தார்.

இனி அந்த வியட்நாம் நினைவுச் சுவர். உங்கள் பெரியவர் போகிற நாளில் அவருக்குக் கடினமான இடம் இதுதான், ஆகையால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1,421 வடிவங்கள் வந்த போட்டியில் வென்ற மாயா லின் அப்போது 21 வயதுக் கல்லூரி மாணவி. நிலத்தை வெட்டித் திறந்தது போலக் கருங்கல் சுவர்கள் இரண்டு ஒரு கோணத்தில் சேர்கின்றன. நடக்க நடக்கப் பாதை கீழே இறங்கும், சுவர் உயர்ந்துகொண்டே வரும். கணுக்கால் உயரத்தில் தொடங்கும் பெயர்கள் நடுவே வந்ததும் தலைக்கு மேல் போய்விடும். மொத்தம் 58,000க்கும் மேல். பெயர்களை அகர வரிசையில் போடவில்லை, பதவி வரிசையிலும் போடவில்லை. இறந்த நாளின் வரிசையில் போட்டிருக்கிறார்கள். அதனால் ஒரே நாளில் ஒரே இடத்தில் செத்தவர்கள் சுவரிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். தன் கூட்டாளி ஒருவன் பெயரைத் தேடிப் போகிறவர் அங்கே அவனை மட்டும் பார்ப்பதில்லை, அந்த நாள் முழுவதையும் பார்க்கிறார். கல்லின் பளபளப்பில் அவர் முகமும் அந்தப் பெயர்களுக்கு நடுவே தெரியும். இளம் பையன்களின் பெயர்களுக்கு நடுவே எழுபத்தொன்பது வயது முகம்.

பெயர் எந்தப் பலகையில் எந்த வரியில் இருக்கிறது என்று பார்க்க இரு முனைகளிலும் தடித்த பெயரேடுகள் உண்டு. ஆனால் அங்கே போய்த் தேடாதீர்கள். முந்தைய வாரமே மகளிடம் சொல்லி, அவருக்கு யார் பெயரைப் பார்க்க வேண்டும் என்று மெதுவாகக் கேட்டு எண்ணை எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். கூட்டத்தில், நேரம் குறைவாக இருக்கையில், ஏட்டைப் புரட்டிக்கொண்டு நிற்பது அவருக்குப் பதற்றம். தாளைப் பெயரின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து அப்படியே தாளில் வந்துவிடும். அதை மடிக்காமல் கொண்டுவர ஓர் அட்டைக் குழாய் இருந்தால் நல்லது. அவர் வேண்டாம் என்றால் கிட்டே தள்ளிக்கொண்டு போகக் கூடாது. நான் சொன்ன அந்த லாரி மெக்கானிக் பாதை தொடங்குகிற இடத்திலேயே நாற்காலிச் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டார். இருபது நிமிடம் அங்கேயே மரத்தடியில் இருந்தோம். நான் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே எழுந்து, நாற்காலியை என்னிடம் விட்டுவிட்டு, தனியாக நடந்து இறங்கினார்.

ஆர்லிங்டனில் பெயர் தெரியாத வீரர் கல்லறைக்கு 1937 முதல் இரவு பகல் இடைவிடாமல் காவல் நிற்கிறார்கள். காவலாளி 21 காலடி எடுத்து வைத்து நடப்பார், 21 விநாடி நிற்பார், திரும்பி மறுபடி 21 காலடி. யாருக்கும் முகம் திருப்ப மாட்டார், ஒழுங்கை மீறுகிறவர்களை எச்சரிக்கும்போது தவிர வாய் திறந்து பேச மாட்டார். ஆனால் பழைய படைவீரர்கள் பார்வையாளர் வரிசையில் இருப்பதைக் கண்டால், நடக்கும்போது காலணி உலோகத்தைத் தரையில் ஒருமுறை இழுத்து உரசுவார். அதுதான் அவர் செய்யக்கூடிய வணக்கம். சுற்றுலா வந்தவர்களுக்கு அந்தச் சத்தம் காதில்கூட விழாது. நாற்காலிகளில் இருக்கிறவர்களுக்கு விழும். துணைக்குப் போகிறவர் இதை முன்கூட்டியே அவர் காதில் சொல்லி வைக்க வேண்டும்.

உடம்பைப் பற்றிக் கேட்டீர்கள். அலைச்சல் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் நன்றாக நடத்தும் கிளைகள் இதில் மிகக் கவனமாக இருக்கின்றன. நடக்கிறவருக்கும் சக்கர நாற்காலி வைத்திருப்பார்கள், மருத்துவம் தெரிந்தவர்கள் கூட வருவார்கள், விண்ணப்பத்திலேயே நோய், மாத்திரை, ஒவ்வாமை எல்லாம் கேட்டு வாங்கிவிடுவார்கள். ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்கள்கூடப் போயிருக்கிறார்கள். சிலிண்டரை விமானத்தில் ஏற்ற முடியாது, கையில் எடுத்துப் போகிற ஆக்சிஜன் கருவி வேண்டும், அதற்கு மருத்துவர் சீட்டும் வேண்டும். நான் என் வேலையில் கண்டதை வைத்துச் சிலவற்றைச் சொல்கிறேன். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவரென்றால், அன்று எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். நிறுத்திவிடலாம் என்று அவராக முடிவெடுக்க விடாதீர்கள், பெரியவர்கள் கழிப்பறைக்குப் பயந்து அதைத்தான் செய்வார்கள். அதே பயத்தில் தண்ணீரும் குடிக்காமல் இருப்பார்கள், மதியத்துக்கு மேல் தலைசுற்றல் வரும். காது மெஷினுக்கு மாற்று பேட்டரி, ஒரு மாற்று உடுப்பு, தொப்பி. நாற்காலியில் உட்கார்வது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவரிடம், "எல்லோரும்தான் உட்கார்கிறார்கள், இல்லாவிட்டால் வரிசை தாமதமாகும்" என்று சொன்னால் உட்கார்ந்துவிடுவார். மற்றவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

செலவு சுலபமான விஷயம். இதை அரசாங்கம் நடத்தவில்லை, நன்கொடைகளில் நடக்கிறது. பெரியவருக்கு எல்லாமே இலவசம். துணைக்குப் போகிறவர் தன் செலவைத் தானே கட்ட வேண்டும். தொகை கிளைக்குக் கிளை மாறும், சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் போகலாம். மனைவி துணையாகப் போகப் பெரும்பாலான கிளைகள் ஒத்துக்கொள்வதில்லை. நாள் முழுக்க நாற்காலி தள்ளி, பேருந்தில் ஏற்றி இறக்கத் தெம்புள்ளவர் வேண்டும் என்பதுதான் காரணம். மகளோ பேரனோ போகலாம். யாருமில்லை என்றால் கிளையே ஆள் தரும். பணியிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிடி-214 என்ற தாள் அவரிடம் இருக்கிறதா என்று மகளைத் தேடச் சொல்லுங்கள். காணோம் என்றால் பிரதி வாங்கலாம், அதற்கு நாள் பிடிக்கும். வியட்நாம் காலத்தவர்களுக்குக் காத்திருப்போர் பட்டியல் பல ஊர்களில் நீளமாக இருக்கிறது, ஆகவே அவர் மனம் மாறும் வரை பொறுக்காமல் படிவத்தைக் கொடுத்துவைப்பது புத்திசாலித்தனம். முறை வரும்போது வேண்டாமென்று சொல்ல அவருக்கு எப்போதும் உரிமை உண்டு.

இதெல்லாம் போரைப் பெருமைப்படுத்துவதாகாதா என்று என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். நானும் போரை வெறுப்பவன். வியட்நாமுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் கட்டாய ஆள்சேர்ப்பில் இழுக்கப்பட்டவர்கள். 1969 டிசம்பரில் பிறந்த தேதிகளைக் கண்ணாடிக் குடுவையிலிருந்து குலுக்கி எடுத்துத்தான் யார் முதலில் போவது என்று முடிவு செய்தார்கள். அந்தப் பையன்கள் திரும்பி வந்தபோது அணிவகுப்பு இல்லை, வரவேற்பு இல்லை. சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் பலர், போருக்குப் போனதைத் தன்னோடு வேலை பார்த்தவர்களிடம்கூடச் சொல்லாமல் வாழ்ந்தவர்கள் பலர். போரைத் தொடங்கியவர்கள் மீதுள்ள கோபத்தை அனுப்பப்பட்டவர்கள் மீது காட்டிவிட்டோம் என்று அந்த நாட்டுக்கே பின்னால் புரிந்தது. இந்தப் பயணத்தின் கடைசி இரண்டு மணி நேரம் அதற்கான பதில் என்றே எனக்குத் தோன்றும்.

திரும்பும் விமானத்தில், எல்லோரும் களைத்துக் கண்ணயரும் நேரத்தில், ஒலிபெருக்கியில் "தபால் வந்திருக்கிறது" என்று கூவுவார்கள். போர்முனையிலும் முகாமிலும் அவர்கள் ஏங்கிக் காத்திருந்த குரல் அதுதான், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கடிதம் கொடுப்பார்கள். இங்கேயும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆளுக்கொரு பெரிய உறை கொடுக்கிறார்கள். உள்ளே மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கூட வேலை பார்த்தவர்கள், முகம் தெரியாத பள்ளிக் குழந்தைகள் எழுதிய கடிதங்கள். வீட்டில் மாதக்கணக்கில் அவருக்குத் தெரியாமல் சேர்த்து வைத்தவை. நினைவிடங்களில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர்கள் இங்கே உடைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நான் கூட்டிப்போன மூன்றாமவர் உறையைப் பிரிக்கவே இல்லை. மார்போடு அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஒரு நாளைக்கு ஒரு கடிதமாகப் படிக்கப் போவதாகச் சொன்னார்.

விமானம் ஊரில் இறங்கியதும் சில இடங்களில் தீயணைப்பு வண்டிகள் இரு பக்கமும் நின்று தண்ணீரை வளைவாகப் பீய்ச்சி அடிக்கும். உள்ளே வந்தால் நூற்றுக்கணக்கானவர்கள், வாத்திய இசை, அட்டையில் பெயர் எழுதிப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள். இரண்டாம் உலகப் போர்க்காரர்களுக்கு இது இரண்டாவது வரவேற்பாக இருக்கலாம். வியட்நாம் போர்க்காரர்களில் பலருக்கு இதுதான் முதலாவது. அந்த லாரி மெக்கானிக் நாற்காலியை விட்டு எழுந்து கூட்டத்தின் நடுவே நடந்தே போனார், ஒவ்வொரு கையாகக் குலுக்கிக்கொண்டு.

இதுபோன்ற முயற்சி வேறு நாடுகளிலும் உண்டு. லண்டனின் கறுப்பு டாக்சி ஓட்டுநர்கள் 1948இல் தொடங்கிய அறக்கட்டளை வழியாக முதிய போர்வீரர்களைத் தங்கள் வண்டிகளிலேயே பிரான்ஸின் நார்மண்டி வரை கூட்டிப்போய் வருகிறார்கள். தென்கொரியா 1975 முதல் தன் மண்ணில் போரிட்ட வெளிநாட்டு வீரர்களை அழைத்து உபசரிக்கிறது. நீங்கள் கேட்டது உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி என்பதால் இதை நீட்டவில்லை.

அவர் கடைசிவரை மறுத்தால் விட்டுவிடுங்கள். சிலருக்கு அந்தச் சுவர் ஆறிய புண்ணைக் கிளறுவதுதான், அது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பயணம் முடியாத உடல்நிலை என்றால் சுவரின் சிறிய மாதிரியை ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள். 'மூவிங் வால்' 1984 முதல், 'தி வால் தட் ஹீல்ஸ்' 1996 முதல். உங்கள் பகுதிக்கு எப்போது வருகிறது என்று பாருங்கள். மாலையில் கூட்டம் குறைந்த பிறகு காரில் கூட்டிப்போனால் போதும்.

நீங்கள் செய்யக் கூடியது என்ன என்று கேட்டீர்களே, அந்த உறைக்குள் போகிற கடிதம் ஒன்று உங்களுடையதாக இருக்கட்டும். பயணத் தேதி உறுதியானதும் மகளிடம் கேளுங்கள், எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று சொல்வார். கையால் எழுதுங்கள், பெரிய எழுத்தில், விமான விளக்கின் வெளிச்சத்தில் படிக்கப் போகிறார். உங்கள் சேவைக்கு நன்றி என்ற வரி எல்லாக் கடிதத்திலும் இருக்கும். நீங்கள் எழுத வேண்டியது பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்தது: நீங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம் அவர் என்ன செய்தார், உங்கள் பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுத்தார், எந்தப் பனிக்காலத்தில் உங்கள் வாசலையும் சேர்த்து வழித்துவிட்டார். பிள்ளைகள் தமிழில் எழுதினாலும் எழுதட்டும், கீழே ஆங்கிலத்தில் அர்த்தம் போட்டுக் கொடுத்தால் போதும். திரும்பி வரும் இரவு விமான நிலையத்துக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் நில்லுங்கள், மறுநாள் பள்ளி இருந்தாலும் சரி.